பீரோ மேல் ஏறிய கிடார்!

திருச்சி உறையூரில் ஒரு வீடு. படுக்கையறை பீரோவின் மேல், பழைய சூட்கேஸுக்கும் கொலு பொம்மைப் பெட்டிக்கும் நடுவே கறுப்பு உறைக்குள் ஓர் எலெக்ட்ரிக் கிடார் படுத்திருந்தது. தீபாவளி போனஸில் வாங்கியது. பொங்கலுக்கு ஒட்டடை அடித்தபோது மேலே போனது. அதன் பிறகு இறங்கவே இல்லை.

வாங்கியவருக்கு வயது 36. தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. வீட்டில் கணவர், மாமியார், நான்காம் வகுப்பு படிக்கும் மகள். கல்லூரி நாள்களில் ராஜா பாட்டு ஒன்றின் தொடக்கத்தில் வரும் கிடார் இசையைக் கேட்டதிலிருந்தே, 'இதை ஒரு நாள் நாமே வாசிக்கணும்' என்று ஓர் ஆசை. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை என்று பதினைந்து வருடங்கள் தள்ளிப்போன ஆசை.

பெட்டி வந்த அன்று வீடே திருவிழா. கிடார், சின்ன ஆம்ப்ளிஃபையர், கேபிள், தோள் பட்டை, மூன்று பிளெக்ட்ரம் என எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. மொபைலில் ஒரு வீடியோ ஆசிரியர், "பத்தே நாளில் உங்கள் முதல் பாட்டு" என்று சிரித்தார். இவரும் நம்பினார்.

பத்தாவது நாள் நிலவரம் இது: இடது கை விரல் நுனிகள் சிவந்து, சாம்பார் கிண்ணத்தைத் தொட்டாலே எரிந்தன. ஒரு கார்டிலிருந்து இன்னொரு கார்டுக்கு விரல்களை மாற்றுவதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. ஹாலில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் எட்டிப் பார்த்து, "ஏம்மா, மிக்ஸியில ஸ்பூன் மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். கிண்டலுக்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம்!

இரண்டு மாதங்கள் எப்படியோ தள்ளினார். பிறகு தினமும் என்பது வாரத்துக்கு இரண்டு நாள் ஆனது, அப்புறம் ஞாயிறு மட்டும், கடைசியில் பீரோ.

அதோடு முடிந்திருக்கும். ஆனால், ஒரு நாள் மாலை மகளுக்குப் பதின்மூன்றாம் வாய்ப்பாடு வரவில்லை. "வரலைன்னு விட்டா எப்படி? திரும்பத் திரும்பச் சொன்னாத்தான் வரும். பாதியில விடுறது கெட்ட பழக்கம்" என்று கண்டித்தார். மகள் நிமிர்ந்து பீரோவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"நீ மட்டும் விட்டுட்டியேம்மா."

அவரிடம் பதில் இல்லை.

பத்தில் ஒன்பது பேர்

இது அவர் ஒருவரின் கதை மட்டும் அல்ல. உலகின் மிகப் பெரிய கிடார் நிறுவனங்களில் ஒன்று அமெரிக்காவின் ஃபெண்டர். அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்த ஆண்டி மூனி, பேட்டிகளில் ஒரு கணக்கைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: முதல்முறையாகக் கிடார் வாங்குபவர்களில் சுமார் 90 சதவிகிதம் பேர் ஒரு வருடத்துக்குள் அதைக் கைவிட்டுவிடுகிறார்கள். அதிலும் பலர் முதல் மூன்று மாதங்களிலேயே! இந்த இழப்பைக் குறைக்கத்தான் அந்த நிறுவனம் 2017-ல் கிடார் பாடங்களுக்கென்றே தனி ஆப் ஒன்றைத் தொடங்கியது. கிடார் விற்பதைவிட, வாங்கியவரைக் கிடாரோடு இருக்கவைப்பதுதான் பெரிய வேலை என்பது விற்பவர்களுக்கே புரிந்துவிட்டது.

2018-ல் அதே நிறுவனம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடத்திய ஆய்வில், புதிதாகக் கிடார் எடுப்பவர்களில் பாதிப் பேர் பெண்கள் என்று தெரியவந்தது. நீளமான முடியும் கறுப்புச் சட்டையுமாக மேடையில் துள்ளும் இளைஞர்தான் எலெக்ட்ரிக் கிடார்காரர் என்ற பிம்பம் எப்போதோ பழசாகிவிட்டது.

இந்த எலெக்ட்ரிக் கிடார் உலகில் சுவையான ஒரு முரணும் உண்டு. டெலிகாஸ்டர், ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்று உலகப் புகழ்பெற்ற கிடார்களை 1950-களில் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருந்தவர் அவர். தன் கருவி சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, வாசிக்கத் தெரிந்த கலைஞர்களிடம் கொடுத்துத்தான் கருத்துக் கேட்பார்.

காது முந்தும், கை பிந்தும்

ஆரம்பத்தில் ஏன் இவ்வளவு எரிச்சல் வருகிறது?

முதல் காரணம், காது. பல வருடங்களாக நல்ல இசை கேட்டுப் பழகிய காது, ஒரு சுரம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடும். கைக்கோ வயது பத்து நாள்தான். சமையல் பழகுபவருக்கு உப்பு கூடியது சாப்பிடும்போதுதான் தெரியும். கிடார் பழகுபவருக்குத் தவறு நடக்கும் நொடியிலேயே தெரிகிறது, ஒவ்வொரு நொடியும் தெரிகிறது. குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. தப்பாக வாசித்தாலும் சிரித்துக்கொண்டே தொடர்வார்கள். பெரியவர்கள்தான் தங்கள் தவறைக் கேட்கச் சகிக்காமல் நிறுத்திவிடுகிறார்கள்.

இரண்டாவது, இரண்டு கைகளும் இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். இடது கை தந்தியை அழுத்த வேண்டும். வலது கை அதே நொடியில் அதே தந்தியை மீட்ட வேண்டும். இரண்டும் கால் நொடி விலகினாலும் சத்தம் 'டொக்' என்று செத்துவிடும்.

மூன்றாவது, வலி. தந்திகள் எஃகால் ஆனவை. விரல் நுனியின் தோல் தடித்துக் காய்ப்பு ஏற சில வாரங்கள் பிடிக்கும். அந்தச் சில வாரங்களில்தான் பெரும்பாலானவர்கள் பீரோவை நிமிர்ந்து பார்க்கிறார்கள். உண்மையில், எலெக்ட்ரிக் கிடார் விரல்களுக்குக் கொஞ்சம் கருணை காட்டும். அகூஸ்டிக் கிடாரில் வழக்கமாகப் போடும் மெல்லிய தந்தி 0.012 அங்குலம். அதைச் சுருதிக்கு இழுத்துக் கட்ட ஏறக்குறைய பத்தரை கிலோ இழுவிசை வேண்டும். எலெக்ட்ரிக்கில் 0.009 அங்குலத் தந்தி போட்டால் ஆறு கிலோ போதும். 'முதலில் அகூஸ்டிக் பழகிவிட்டுத்தான் எலெக்ட்ரிக் தொட வேண்டும்' என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

மன்னிக்கத் தெரியாத பெட்டி

எலெக்ட்ரிக் கிடார் வேறு ஒரு விதத்தில் கறார். அதன் உடம்பில் தந்திகளுக்கு அடியில் 'பிக்கப்' என்ற ஒரு பாகம் இருக்கும். காந்தத்தைச் சுற்றித் தலைமுடியைவிட மெல்லிய தாமிரக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது. கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த அதே மின்காந்தத் தூண்டல்தான். டைனமோவில் விளக்கு எரிய வைக்கும் தத்துவம் இங்கே பாட்டாகிறது. அந்தச் சிறு மின்சாரத்தை ஆம்ப்ளிஃபையர் பல மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது.

எல்லாவற்றையும் பெருக்கும் என்பதுதான் சிக்கல். சரியான சுரத்தைப் பெருக்குவது போலவே, தெரியாமல் உரசிய பக்கத்துத் தந்தியையும், விரல் நகரும்போது வரும் 'கீச்'சையும் பெருக்கும். டிஸ்டார்ஷன் பட்டனைத் திருப்பினால் கேட்கவே வேண்டாம், தும்மல்கூட இடி முழக்கமாகும். போதாக்குறைக்கு, வீட்டு மின் இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் சில பிக்கப்புகளில் புகுந்து 'ம்ம்ம்' என்று பின்னணி பாடும். "நான் வாசிச்சா மட்டும் ஏன் இவ்ளோ இரைச்சல்?" என்று புலம்புகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். எலெக்ட்ரிக் கிடாரில் சத்தம் எழுப்புவது பாதி வேலை. வேண்டாத தந்திகளை உள்ளங்கை ஓரத்தாலும் சும்மா இருக்கும் விரல்களாலும் தொட்டு அடக்கி வைப்பது மீதி வேலை. பெரும்பாலான ஆரம்பப் பாடங்களில் முதல் பாதியை மட்டுமே சொல்லித்தருகிறார்கள்.

முதலில் கிடாரைச் சந்தேகப்படுங்கள்

பழகுபவர்கள் தங்களைத் திட்டிக்கொள்வதற்கு முன் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. கருவியைப் பார்க்க வேண்டும்.

ஆறு தந்திகளும் சுருதி சேர்ந்திருக்கின்றனவா? புதுத் தந்தி முதல் சில நாள்களுக்கு இளகிக்கொண்டே இருக்கும். தினமும் எடுத்தவுடன் டியூனர் ஆப்பில் சரிபார்க்க வேண்டும். சுருதி விலகிய கிடாரில் எவ்வளவு சரியாக விரல் வைத்தாலும் அபஸ்வரம்தான் வரும். தன் விரல்மீது குற்றம் இருப்பதாக நினைத்துப் பல மாதங்கள் வருந்தியவர்கள் உண்டு.

தந்தி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்) தந்திக்கும் கம்பிக்கும் இடையே சுமார் 2 மில்லிமீட்டர் இருந்தால் வசதி. பெட்டியில் வரும் மலிவு விலைக் கிடார்களில் இது 3, 4 மில்லிமீட்டர்கூட இருக்கும். அப்படியிருந்தால் ஒவ்வோர் அழுத்தலும் மல்யுத்தம்தான். கிடார் பழுது பார்க்கும் கடையில் கொடுத்தால் தந்தி உயரம், கழுத்தின் வளைவு எல்லாவற்றையும் சீராக்கித் தருவார்கள். அந்தச் செலவு, புதிதாக இன்னொரு கிடார் வாங்குவதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

மூன்றாவது, விரல் எங்கே விழுகிறது? இரண்டு ஃப்ரெட்டுகளுக்கு நடுவில் அழுத்தினால் பலம் அதிகம் வேண்டும். ஃப்ரெட் கம்பிக்கு ஒட்டினாற்போல் அதன் பின்னால் அழுத்தினால் பாதிப் பலம் போதும். ஒரு சோதனை செய்து பார்க்கலாம். தந்தியை அழுத்தி மீட்டிக்கொண்டே பிடியை மெல்லத் தளர்த்த வேண்டும். எந்த இடத்தில் சத்தம் சாகிறதோ, அதற்கு ஒரு மயிரிழை அதிகம்தான் உண்மையில் தேவைப்படும் பலம். ஆரம்பத்தில் எல்லோருமே தேவைக்கு மேல் அழுத்துகிறார்கள். கை வலிக்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஒற்றைத் தந்தியில் தொடங்கியவர்

எலெக்ட்ரிக் கிடார் என்றாலே உலகம் முதலில் சொல்லும் பெயர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ். 1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். வீட்டில் வறுமை. கிடார் இல்லாததால் துடைப்பத்தைக் கையில் பிடித்துக் கிடார் வாசிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருப்பார் அந்தச் சிறுவர். 1957-ல் அப்பாவோடு ஒரு வீட்டில் பழைய சாமான்களை அகற்றும் வேலைக்குப் போனபோது, குப்பையில் ஓர் உகுலேலே கிடைத்தது. நான்கு தந்திகள் இருக்க வேண்டிய அதில் ஒரே ஒரு தந்திதான் மிச்சம். அந்த ஒற்றைத் தந்தியிலேயே, கேட்ட பாட்டுகளைத் தேடிப் பிடித்தார்.

அடுத்த வருடம் 5 டாலருக்கு ஒரு பழைய அகூஸ்டிக் கிடார். அதற்கும் அடுத்த வருடம் அப்பா வாங்கித் தந்த முதல் எலெக்ட்ரிக் கிடார். இவர் இடது கைக்காரர். வலது கைக்காரர்களுக்கான கிடாரைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து வாசித்தார். முறையான ஆசிரியர் கிடையாது. மற்றவர்கள் வாசிப்பதைப் பார்ப்பது, கேட்பது, வீட்டுக்கு வந்து முயல்வது. அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

முதல் மேடை எப்படி இருந்தது தெரியுமா? சியாட்டிலில் ஒரு யூத வழிபாட்டுத் தலத்தின் கீழ்த்தளத்தில் நிகழ்ச்சி. மேடையில் அளவுக்கு மீறிய ஆர்ப்பாட்டம் செய்கிறார் என்று இடைவேளையிலேயே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு சேர்ந்த குழுவில் வாசித்துக்கொண்டிருந்தபோது, இரவு மேடைக்குப் பின்னால் விட்டுவந்த அந்த முதல் எலெக்ட்ரிக் கிடாரும் திருடுபோனது. 1967-ல் அவருடைய முதல் ஆல்பம் வெளிவந்து உலகம் திரும்பிப் பார்த்ததற்கு முன் நடந்தவை இவை.

வேலையின் கடைசி நாள்

ஹெண்ட்ரிக்ஸுக்குக் கருவி இல்லாத குறை. டோனி அயோமிக்கு விரலே இல்லாமல் போனது.

இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரம், 1965. தகரம் வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்த அயோமிக்கு அப்போது 17 வயது. ஓர் இசைக்குழுவோடு சுற்றுப்பயணம் போக வாய்ப்பு வந்திருந்தது. வேலையை விட்டுவிட்டார். அன்று கடைசி நாள். மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர், "இனிமே எதுக்குப் போகணும்?" என்று நினைத்தார். அம்மாதான், ஒப்புக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வரும்படி அனுப்பிவைத்தார். அன்று வேலைக்கு வராத ஒருவரின் இடத்தில், பழக்கமில்லாத இயந்திரத்தில் அவரை நிறுத்தினார்கள். இயந்திரம் வலது கையின் நடு விரல், மோதிர விரல் நுனிகளை எடுத்துக்கொண்டது. அயோமி இடது கைக்காரர். அவருக்குத் தந்தியை அழுத்தும் கை வலது கை. போனவை, தந்தி அழுத்தும் விரல்கள்.

இனி கிடாரை மறந்துவிட வேண்டியதுதான் என்றார்கள் மருத்துவர்கள். மனமுடைந்து கிடந்தவரைப் பார்க்க, தொழிற்சாலை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். போட்டுக் கேட்கச் சொன்னார். கேட்டு முடித்த பிறகு விஷயத்தைச் சொன்னார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-ல் தீ விபத்தில் இடது கையின் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகு, மீதி இரண்டு விரல்களால் தனி பாணியையே உருவாக்கிய ஜாஸ் கலைஞர்.

அயோமி எழுந்து உட்கார்ந்தார். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கினார். சூட்டுக்கோலால் துளையிட்டு, விரல் நுனியில் மாட்டும் தொப்பி செய்தார். தந்தி வழுக்காமலிருக்க அதன்மீது பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி ஒட்டினார். கனமான தந்திகள் விரலுக்கு வலித்ததால், அதைவிட மெல்லிய பாஞ்சோ தந்திகளைக் கிடாரில் கட்டினார். தெரிந்த வித்தையை மறுபடி முதலிலிருந்து கற்றார். தொப்பி போட்ட விரலுக்குத் தந்தியின் உணர்வே தெரியாது. காதால் கேட்டுத்தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்று அறிய வேண்டும்.

1970 பிப்ரவரியில் அவரது 'பிளாக் சபாத்' குழுவின் முதல் ஆல்பம் வெளியானது. அடுத்த வருடமே வந்த மூன்றாவது ஆல்பத்தில், தந்திகளை இன்னும் தளர்த்தி வழக்கத்தைவிட மூன்று அரைச் சுரம் கீழே இறக்கிக் கட்டினார். விரலுக்கு அது இதம். காதுக்கோ இதுவரை கேட்டிராத கனத்த, இருண்ட ஒலி. ஹெவி மெட்டல் என்ற இசை வகைக்கே அது அஸ்திவாரம் ஆனது.

எல்லோரும் அயோமி ஆக முடியாது. ஆகவும் வேண்டாம். உறையூர் வீட்டுக்காரருக்கு அவர் கதையில் உதவுகிற விஷயம் ஒன்றுதான்: தன் கைக்கு ஏற்றபடி கருவியை மாற்றிக்கொள்வது குறுக்கு வழி அல்ல.

சரி, எப்படித்தான் பழகுவது?

கண்ணில் படும் இடத்தில் கிடார்: உறைக்குள் போன கிடார் வெளியே வருவது கடினம். ஹாலிலோ படுக்கையறையிலோ ஸ்டாண்டில் நிற்கட்டும். சாதம் விசில் வரும் ஐந்து நிமிடத்தில்கூட எடுக்கத் தோன்ற வேண்டும்.

தினமும் 15 நிமிடம்: ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைவிட, தினமும் கால் மணி நேரம் மேல். கைப்பழக்கம் தூங்கும்போதும் மூளையில் பதிகிறது. ஏழு நாள் பயிற்சிக்கு ஏழு இரவுகள் கிடைக்கும். ஒரே நாள் பயிற்சிக்கு ஓர் இரவுதான்.

ஒரு நிமிடக் கணக்கு: இணையத்தில் இலவசமாகக் கிடார் சொல்லித்தரும் ஜஸ்டின் சாண்டர்கோ பரப்பிய எளிய முறை இது. இரண்டு கார்டுகளை எடுத்துக்கொண்டு, 60 நொடியில் எத்தனை முறை மாற்ற முடிகிறது என்று எண்ணி, தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும். இன்று 9 என்றால் அடுத்த வாரம் 14 இருக்கலாம். 'எனக்கு வரவே இல்லை' என்று மனம் சொல்லும்போது, நோட்டுப் புத்தகம் அதை மறுக்கும்.

வேகம் வேண்டாம்: மெட்ரோனோம் ஆப்பை நிமிடத்துக்கு 60-ல் வையுங்கள். தவறில்லாமல் வாசிக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். வேகமாகத் தப்பு வாசித்தால், தப்புதான் மனப்பாடமாகும்.

'எஃப்' சுவரில் முட்டாதீர்கள்: ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் 'எஃப்' கார்டில்தான் பெரும்பாலானவர்கள் மனம் உடைகிறார்கள். எலெக்ட்ரிக்கில் அதற்கு மாற்று உண்டு. பவர் கார்டு. சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்தது. தம்புராவில் கேட்கிற அதே ச-ப உறவு. டிஸ்டார்ஷனில் முழு கார்டைவிட இதுதான் தெளிவாக ஒலிக்கும். இரண்டு விரல் போதும். அந்த வடிவத்தை அப்படியே நகர்த்தினால் அடுத்த கார்டு. 'எஃப்' மெதுவாக வரட்டும்.

ஒரு வீடியோ, ஒரு பாட்டு: பழகும் நேரத்தைவிட, எப்படிப் பழகுவது என்று வீடியோ பார்க்கும் நேரம் கூடிவிடுவது இன்றைய ஆபத்து. ஓர் ஆசிரியரைத் தேர்ந்தெடுத்து, ஒரு பாட்டை முடிக்கும்வரை அடுத்ததைத் திறக்காமல் இருப்பது நல்லது. முடிந்தால் மாதம் ஒருமுறை நேரில் ஒருவரிடம் காட்டலாம். மணிக்கட்டு வளைந்திருப்பதை வீடியோ ஆசிரியரால் பார்க்க முடியாது.

வலி எது, எரிச்சல் எது: விரல் நுனி எரிச்சல் இயல்பு. மணிக்கட்டிலோ முழங்கையிலோ வலி, மரத்துப்போதல் என்றால் அன்று நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

வாயால் பாடிய பாடம்

இந்தப் பக்கத்தில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒருவரும் இருக்கிறார். மாண்டலின் ஸ்ரீநிவாஸ். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-ல் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, 2014-ல் மறைந்த மேதை. ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினைக் கையில் எடுத்தார். அவருக்கு வாய்த்த குரு ருத்ரராஜு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் வாயால் பாடுவார். சிறுவன் அதைத் தந்தியில் தேடிக் கண்டுபிடிப்பான். விரலை எங்கே வைப்பது என்று சொல்ல ஆளில்லாததால், காதே வழிகாட்டியது. சாதாரண மாண்டலினில் கமகம் நிற்கவில்லை என்பதால், எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி ஐந்து தந்திகள் வைத்துக்கொண்டார்.

உறையூர் வீட்டிலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. மகள் பக்கத்துத் தெருவில் பாட்டு வகுப்புக்குப் போகிறாள். வாய்ப்பாட்டுச் சண்டை நடந்த நான்காம் நாள், அவள் தரையில் உட்கார்ந்து சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தாள். எல்லோரும் முதலில் கற்கும் மாயாமாளவகௌளை. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, கிடாரை இறக்கினார். தூசு தட்டினார். ஆம்ப்ளிஃபையரில் மாட்டவில்லை. மகளின் ஆதார சுருதிக்கு ஒரு தந்தியைத் திருகிச் சேர்த்தார். அதை அழுத்தாமல் மீட்டினால் 'ச'. 'ரி' எங்கே? முதல் ஃப்ரெட். 'க'? இரண்டும் இல்லை, மூன்றும் இல்லை. நான்கு. 'ம' ஐந்து. 'ப' ஏழு.

கார்டு இல்லை, இரண்டு தந்தி இல்லை, ஒரே தந்தியில் ஒரு விரல். இரண்டு மாதங்களாக அந்தக் கிடாரிலிருந்து வராத ஒன்று அன்று வந்தது. தான் வாசிப்பது இன்னது என்று அவருக்கே தெரிந்த இசை!

அதன் பிறகு கிடார் பீரோ மேல் ஏறவில்லை. தந்தியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு வந்தார். இரவு சாப்பாட்டுக்குப் பின் கால் மணி நேரம். முதல் காலத்தில் தடுமாறாமல் வந்தபின் இரண்டாம் காலம். ராஜா பாட்டு இன்னும் வரவில்லை. கார்டு மாற்றும் கணக்கு 11-லிருந்து 19-க்கு வந்திருக்கிறது. பதின்மூன்றாம் வாய்ப்பாடு 13 x 7 வரை வந்திருக்கிறது. இரண்டும் ஒரே நோட்டில், எதிரெதிர்ப் பக்கங்களில்.

போன வாரம் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அம்மா கண்ணை மூடி சரளி வரிசையில் ஏறிக்கொண்டிருந்தார். ச, ரி, க, ம, ப... எட்டாம் ஃப்ரெட்டில் விழ வேண்டிய விரல் ஒன்பதில் விழுந்தது.

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"'த' தப்பும்மா. மறுபடி முதல்லேர்ந்து."